ஒரு லட்சம் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தாராம்!

தென்னாட்டு சினிமாவில் ஒரு படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தை முதலில் வாங்கியவர் யார் தெரியுமா? எம்.கே. தியாகராஜ பாகவதரா? பி.யு. சின்னப்பாவா? இல்லவே இல்லை. ஒரு பெண்! அதுவும் நடித்த முதல் படத்துக்கே! அதுவும் ஆண் வேஷம் கட்டுவதற்கு!

கே.பி. சுந்தராம்பாள்தான் அவர். படம் 1935-இல் வந்த 'பக்த நந்தனார்'. அன்றைக்குப் பவுன் விலை முப்பது ரூபாயைத் தொடவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் பவுனுக்கு மேல் வருகிறது! இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு சினிமாவில் நடிக்க இஷ்டமே கிடையாது. தயாரிப்பாளர் ஹசன்தாஸ் விடாமல் நச்சரிக்க, கைகழுவுவதற்காக வாயில் வந்த பெரிய தொகையைச் சொன்னாராம். "சரி" என்று தலையாட்டிவிட்டார் மனிதர்! இனி எங்கே தப்பிப்பது?

படத்தில் 41 பாட்டு. அதில் 19 சுந்தராம்பாள் பாடியவை. நிலச்சுவான்தாரரான வேதியராக நடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர்! இவ்வளவு இருந்தும் படம் எதிர்பார்த்த மாதிரி ஓடவில்லை. கல்கி தம் விமரிசனத்தில், படத்தில் பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்திருப்பதாக ஒரு போடு போட்டார். லட்ச ரூபாய் நடிகையை விட ஆட்டுக்குட்டி தேவலையாம்! ஆனால் அவர் பாட்டை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

சரி, அந்த லட்ச ரூபாய்க் குரல் முதலில் எங்கே ஒலித்தது தெரியுமா? ரயில் பெட்டியில்!

ஈரோட்டிலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் பாதையில் கொடுமுடி ஒரு ஸ்டேஷன். காவிரிக் கரை ஊர், மகுடேசுவரர் கோயில் ஊர். 1908 அக்டோபர் 10-ஆம் தேதி அங்கே பிறந்தார். 'கே' கொடுமுடி. 'பி' யார்? அப்பா பெயர் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது, அம்மா பாலாம்பாள்! பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்த்த அந்தத் தாயின் பெயரைத்தான் மகள் கடைசிவரை முன்னால் சுமந்தார். வீட்டில் வறுமை. குழந்தை ரயிலில் ஏறிப் பாடும். கேட்டவர்கள் காசு போடுவார்கள். அப்படி ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எஃப்.ஜி. நடேசய்யர். ரயில்வே அதிகாரி, ஆனால் உயிர் முழுக்க நாடகத்தில். அவர் கண்ணில் பட்டதுதான் திருப்பம் என்பார்கள். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் பிள்ளை வேஷங்கள் கிடைத்தன. 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக வந்து பாடியபோது கொட்டகையே அழுததாம். பசியைப் பற்றி அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லையே!

அந்தக்கால நாடக மேடையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் இந்தக் குரலின் அருமை புரியும். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் திரை தூக்கினால் விடிய விடிய நாடகம். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர், பக்கத்தில் மிருதங்கம். எதிரே தரையில் ஆயிரக்கணக்கில் ஜனம். கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் அங்கிருந்தே குரல் கொடுப்பான். விழுந்துவிட்டாலோ "ஒன்ஸ் மோர்!" ஆண்கள் சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். கட்டை என்பது ஆர்மோனியக் கட்டைதான். எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். நாலு கட்டை, ஐந்து கட்டை என்று ஏறி நின்று பாடிய ஆண் ஒருவர் அன்று மேடையை ஆண்டுகொண்டிருந்தார்: செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா!

இருவரும் சந்தித்த இடம் எது தெரியுமா? மதுரையும் இல்லை, மதராசும் இல்லை, கொழும்பு! சுந்தராம்பாளின் நாடகங்களுக்கு அங்கே கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த 1926 வாக்கில் கிட்டப்பாவும் போய்ச் சேர்ந்தார். "அவரோடு மேடை ஏறினால் உன் பாட்டு எடுபடாது" என்று பலர் பயமுறுத்தினார்களாம். எடுபட்டதா இல்லையா என்பதை ஊர் ஊராக நின்ற கூட்டம் சொன்னது. அவர் வேலன், இவர் வள்ளி. 1927-இல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். இடையில் மனத்தாங்கல், பிரிவு, நெஞ்சை அறுக்கும் கடிதங்கள். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா போய்விட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு. சுந்தராம்பாளுக்கு 25.

அதன் பிறகு வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று ஒரு சபதம். அதைக் கடைசிவரை காப்பாற்றினார்!

இங்கேதான் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காதல் டூயட் இல்லாமல் ஒரு கதாநாயகியா? அவர் கட்டிய வேஷங்களை வரிசையாகப் பாருங்கள். நந்தனார், ஆண் அடியார். 1940-இல் மணிமேகலை, இளவரசன் துரத்தத் துரத்த விலகிப் போன துறவி. 1953-இல் ஔவையார், இல்லறமே வேண்டாமென்று இளமையை உதறிக் கிழவியானவர். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள், சமணத் துறவி. 1973-இல் காரைக்கால் அம்மையார், அழகே வேண்டாமென்று பேயுருக் கேட்டு வாங்கியவர். உலகத்தை விட்டு விலகிய ஆட்களாகத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறார்! கணவனை இழந்தவள் மூலையில் உட்கார வேண்டும் என்று சொன்ன காலம் அது. அதே வெள்ளைச் சேலையோடும் திருநீற்றோடும் இவர் நடுத்திரையில் வந்து நின்றார், ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. தமிழ் சினிமாவில் இதற்கு முன்னும் பின்னும் இப்படி ஒரு நட்சத்திரம் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

'ஔவையார்' ஜெமினி எஸ்.எஸ். வாசனின் பிரம்மாண்டம். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். யானைக் கூட்டம் கோட்டையை இடித்துத் தள்ளும் காட்சியைப் பார்த்தவர்கள் பேரன் பேத்தி காலம்வரை பேசினார்கள்! ஆனால் யானைகளைத் தூக்கிச் சாப்பிட்டவர் கையில் கோல் ஊன்றி வந்த இந்த அம்மாள். இன்றைக்கும் ஔவை என்றதும் நமக்குத் தோன்றும் முகம் யாருடையது? சங்கப் பாட்டில் வரும் ஔவைக்கு அப்படி ஒரு தோற்றம் யாரும் சொல்லவில்லை!

காந்தி கதை தெரியுமா? கிட்டப்பா போன துக்கத்தில் வீட்டோடு முடங்கியிருந்தவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்துவந்தவர்கள் சத்தியமூர்த்தியும் காந்தியும் என்பார்கள். கொடுமுடி வீட்டுக்கு வந்த காந்திக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். சாப்பிட்டு முடித்த கிழவர், "சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா?" என்கிற மாதிரி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டார். காந்தி அதை அங்கேயே ஏலம் போட்டுக் காசை நிதியில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். பனியா பனியாதான்!

காங்கிரஸ் மேடைகளில் சுந்தராம்பாள் பாடுகிறார் என்றால் போதும், கூட்டம் சேர்க்க வேறு ஆளே வேண்டாம். 1950-களில் அவர் சென்னை மாகாண மேல்சபை உறுப்பினரும் ஆனார். சட்டசபைக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர் அவர்தான் என்பார்கள். சினிமாக்காரர்கள் அரசியலுக்கு வந்த கதையைத் திராவிட இயக்கத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிப்பது நல்லது.

அப்படிப்பட்ட காங்கிரஸ்காரர், ஆத்திகர், கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் நடித்தால் என்ன ஆகும்? 'பூம்புகார்' பாட்டு ஒன்றில், கோவலனுக்கு அநீதி நடந்தபோது தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற ஒரு வரி. "இதை நான் பாட மாட்டேன்" என்று மறுத்துவிட்டார் அம்மாள்! எழுதியவர் சண்டை போடவில்லை. தெய்வம் வந்துவிட்டது என்று பொருள் வரும்படி வரியை மாற்றிக் கொடுத்தார், இவர் பாடினார். ஒரு நாத்திகரின் பேனாவை ஆத்திகத்துக்குத் திருப்பியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அடுத்த வருஷமே 'திருவிளையாடல்'. 'பழம் நீயப்பா' பாட்டை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். முதலில் தாளமே இல்லாமல் விருத்தமாக எடுக்கிறார். குரல் மெதுவாக ஏறுகிறது, ஏறுகிறது, இதற்கு மேல் போகாது என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னும் ஒரு படி ஏறி அங்கே அசையாமல் நிற்கிறது. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைக் கீழிருந்தே எட்டிப் பிடிக்கிற மாதிரி! அப்போது அவர் வயது 57-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. மைக் இல்லாத கொட்டகையில் பழகிய தொண்டை. ஸ்டூடியோவில் மைக்கைத் தள்ளி வைத்திருப்பார்களோ என்னவோ!

1966-இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப் பேரறிஞர் பட்டம். 1969-இல் வந்த 'துணைவன்' படத்துக்கு, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. முந்தைய ஆண்டு அந்த விருது முதன்முதலாக பி. சுசீலாவுக்குப் போனது, இரண்டாவது இவருக்கு! வாழ்நாளெல்லாம் திரையின் முன்னால் நின்று தானே பாடி நடித்தவருக்குப் 'பின்னணி' விருது. டெல்லிக்காரர்கள் யோசித்தார்களோ இல்லையோ, கொடுத்தது சரியான ஆளுக்குத்தான். 1970-இல் பத்மஸ்ரீ.

இன்னொன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது. சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரிலேயே அம்மாள் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார், கே.பி.எஸ். தியேட்டர். 1969-இல் திறப்பு விழா. திறந்துவைத்தவர் யார் தெரியுமா? பாட்டு வரியை மாற்றிக் கொடுத்த அதே கருணாநிதி, இப்போது முதலமைச்சர்! விழாவில் எம்.ஜி.ஆரும் உண்டு, ஜெயலலிதாவும் உண்டு. அன்றைய முதல்வர் ஒருவர், வருங்கால முதல்வர்கள் இருவர், மூவரும் ஒரு பெண்மணியின் அழைப்பை ஏற்றுக் கொடுமுடிக்கு வந்திருக்கிறார்கள். கூப்பிட்ட அம்மாளோ பழுத்த காங்கிரஸ்காரர்!