மூன்றாவது நாடா வீசுபவரிடம் யார் கேட்டார்கள்?

மரபு முறையில் கோர்வைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், இரு பக்கக் கரைக்கும் வேறு நிறம். ஆக ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடா மூன்று ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவர் இரண்டைப் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் இன்னொருவர் இருந்து மூன்றாவதைத் தள்ளிக் கொடுப்பார். பெரும்பாலும் அது மனைவி, இல்லையென்றால் பிள்ளை. கூலி என்னவோ சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. கணக்கு நோட்டில் ஏறுவது ஒரே ஒரு பெயர்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தறியை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிற தலைமுறையும் வளர்ந்திருக்கிறது. தறிக்காரரையும் பஸ் ஏறுபவரையும் ஒருசேரத் தொடுகிற மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்கள் ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன.

மாற்றங்கள் சிறியவை அல்ல. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே முன்பு பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலகங்களுக்கும் கட்டாயம். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் நடத்திய போராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, சங்கம் வைக்கவும் வேலையை நிறுத்தவும் உள்ள உரிமையின் எடை தெரியும்.

சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றினாலும் அன்றாடம் நம்மைத் தொடுவது விதிகள்தான். எந்தப் படிவம், எத்தனை நாள் கெடு, யாரிடம் பதிவு எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த விதிகளை முதலில் வரைவாக வெளியிட வேண்டும், வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே இறுதியாக்க வேண்டும் என்று இந்தத் தொகுப்புகளே சொல்கின்றன. பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்பது இதுதான். 2020-இல் முதல் வரைவுகள் வந்தபோது தொழிலுறவு விதிகளுக்கு 30 நாள், சமூகப் பாதுகாப்பு விதிகளுக்கு 45 நாள் அவகாசம் தந்தார்கள். 2025 டிசம்பர் கடைசியில் மீண்டும் வரைவு வந்தது.

மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழ் மட்டுமே படிக்கிற நெசவாளிக்கு முப்பது நாள் கொடுத்தால் என்ன, முந்நூறு நாள் கொடுத்தால் என்ன? கூரத்தைச் சேர்ந்த வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் அரசவையில் தன் கருத்தைச் சொன்னதற்காகக் கண்ணை இழந்தார் என்பது வைணவ மரபு. இன்று அவருடைய ஊர்க்காரருக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆனால் தன்னிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லையே! சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணை மொழிகளில் வெளியிடச் சொல்லி 2020-இல் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலையைப் பற்றிய விதிக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேரில் பேசும் இடங்களும் சுருங்கிவிட்டன. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் கூடும் இந்தியத் தொழிலாளர் மாநாடு கடைசியாகக் கூடியது 2015 ஜூலையில். தொகுப்புகள் அமலுக்கு வரும்வரை பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அது கூட்டப்படவில்லை. நெசவாளர் குரல் டெல்லிவரை போக இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் 2020 ஜூலையில் கலைத்துவிட்டார்கள்.

கேட்டால் பலன் உண்டா என்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24-ஆம் தேதி தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசிய பிறகு அதை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நிறைவேற்றும் முன்பே அழைத்திருந்தால் இத்தனை கொந்தளிப்பு நேர்ந்திருக்காது.

இனி மூன்றாவது நாடாவுக்கு வருவோம். பட்டும் ஜரிகையும் மாஸ்டர் வீவர் தர, வீட்டில் நெய்து கூலி வாங்குபவரை 'வீட்டிலிருந்து வேலை செய்பவர்' என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வரையறுக்கிறது. நல்லது. கணக்கில் பெயரே இல்லாத துணைக்கரம் அதில் எப்படிச் சேரும்? கூலித் தகராறு வந்தால் இருவரும் யாரிடம் போவது? இப்படி வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் கொண்டுவந்த 177-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் புதிய முறையில் என்ன ஆகும் என்ற கவலையும் சங்கங்களுக்கு இருக்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் தறியடியில் இருக்கிறார்கள்.

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநில அரசும் தன் விதிகளை வரைவாக வெளியிட்டே தீர வேண்டும். வரைவு வரும்போது கூட்டுறவுச் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். எந்த விதி, அதில் என்ன மாற வேண்டும், உங்கள் வீட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, கெடுவுக்குள் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய அரசு அதிகாரிக்கும் தம் மாநில மொழியிலேயே கொடுக்கும் உரிமையை அரசமைப்பின் 350-ஆம் பிரிவு எல்லோருக்கும் தந்திருக்கிறது.