பஞ்சு யாருக்கு வேண்டும்?

மோட்டார் உதிரிபாகக் கடையில் ஏர் ஃபில்டர் கேட்டால் சில வண்டிகளுக்கு இரண்டு வகை எடுத்து வைப்பார்கள். ஒன்று வெறும் மடிப்புக் காகிதம். மற்றது அதே காகிதத்தின் மேல் பஞ்சுப் படலம் ஒட்டியது. கடைக்காரர் அதை ‘ஃபோம் வச்சது’ என்பார், சில வெள்ளி கூடுதலாகக் கேட்பார். அடுக்கு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்து நாமும் கொடுத்துவிடுகிறோம். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் ஜாலான் புசாரிலும் ஓடுகிற சாதாரணக் காருக்கு அந்தச் சில வெள்ளி பெரும்பாலும் வீண் என்பதே என் கணிப்பு. அதே சாலையோரத்தில் புல் வெட்டும் தொழிலாளியின் தோளில் தொங்கும் இயந்திரத்துக்கோ பஞ்சு இல்லாமல் ஆகாது.

மாவு சலிக்கிறவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். மெல்லிய சல்லடையில் நேரே கொட்டினால் கப்பி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முதலில் பெரிய கண் சல்லடையில் சலித்துக்கொண்டால் மெல்லியது நெடுநேரம் தாங்கும். காகிதத்தின் மேல் உள்ள பஞ்சு அந்தப் பெரிய கண் சல்லடைதான். பருந்தூசியைத் தன் ஆழத்தில் பிடித்து வைத்துக்கொண்டு காகிதத்தின் ஆயுளை நீட்டும். நுண்தூசியை நிறுத்துவது கடைசிவரை காகிதத்தின் வேலை. அப்படியானால் கேட்க வேண்டியது, சலிக்க எவ்வளவு கப்பி வருகிறது என்பதே. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் என்ஜின் இழுப்பது 11,000 கனமீட்டர் சொச்சம். ஒரு கனமீட்டரில் 30 மைக்ரோகிராம் தூசி என்று கொண்டால், ஓராண்டில் ஃபில்டருக்கு வந்து சேருவது அரைக் கிராம்கூட இல்லை. சாலைமட்டத்தில் தூசி பத்து மடங்கு என்றே வைப்போம்: ஒரு தேக்கரண்டி மாவு. கார் ஃபில்டரின் காகிதம் இதைப்போல் பல மடங்கு தாங்கும்.

புல்வெட்டும் இயந்திரத்தின் கணக்கு வேறு. சுழலும் நாண் தரையைத் தொட்டுக் கிளப்பும் மண்ணுக்குள்ளேயே அது மூச்சுவிடுகிறது. கனமீட்டருக்கு 10 மில்லிகிராம் தூசி என்று கொள்வோம். மணிக்கு முக்கால் லிட்டர் எரித்தால், எட்டு மணி நேர வேலையில் அரைக் கிராம் ஏறிவிடும். முதல் கணக்கின்படி காரின் ஓராண்டுத் தூசி, ஒரே பகலில், உள்ளங்கையளவு ஃபில்டரில்! கட்டுமானத் தளங்களில் மண் அமுக்கும் கருவிகளும் இதே இனம். ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வகைச் சிறு என்ஜின்களில் காகிதத்தைச் சுற்றிப் பஞ்சு உறை வருவது விளம்பரத்துக்காக இல்லை. பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தித் திரும்பப் போடலாம். காகிதத்தைக் கழுவ முடியாது. தூசி நிறைந்த வேலைக்குப் பஞ்சு தரும் உண்மையான லாபம் இதுதான்.

‘புகைமூட்டம் வந்தால்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் சுமத்ராவின் காட்டுத்தீப் புகையில் வரும் துகள் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்கும் சிறியது. ஃபோமின் துளைகளோ அதைவிட நூறு மடங்குக்கு மேல் அகலம். கொசுவலையை விரித்துச் சாம்பிராணிப் புகையைத் தடுப்பது போலத்தான். தவிர, சிலிண்டர் சுவரைத் தேய்ப்பது சில மைக்ரானுக்கு மேற்பட்ட கடினமான மணல்தூசி. புகைத்துகள் மென்மையான கரி. புகைமூட்டத்தில் கவலைப்பட வேண்டியது நம் நுரையீரலைப் பற்றி.

‘சில வெள்ளிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பது அடுத்த வாதம். இதில்தான் நம் ஊர்க் காற்றின் ஈரம் குறுக்கே வருகிறது. பாலியூரித்தேன் ஃபோமில் பாலியெஸ்டர் வகை, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காலப்போக்கில் பொடியாக உதிரும். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் லட்சக்கணக்கான கருவிகளை 2021 ஜூனில் பிலிப்ஸ் திரும்பப் பெற்றதற்கு இந்த வகை ஃபோம் சிதைந்ததே முக்கியக் காரணம். பாலியீத்தர் வகை ஈரத்தை மேலும் தாங்கும்; ஆனால் அட்டைப்பெட்டியில் எது உள்ளே இருக்கிறது என்று யார் எழுதுகிறார்கள்? அழுக்குக்காற்று வரும் பக்கத்தில் ஒட்டிய பஞ்சு உதிர்ந்தால் காகிதம் அடைபடும், அவ்வளவுதான். என்ஜின் பக்கம் ஒட்டியிருந்தால் தூள் உள்ளேயே போகும். பஞ்சுக்கு எண்ணெய் தடவும் பழக்கமும் காருக்கு ஒத்துவராது. அளவு மிஞ்சினால் காற்றை அளக்கும் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து அளவைக் குழப்பிவிடும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று விற்பதும் நடக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இக்காலக் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தபோதும் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை; வண்டி வேகமெடுப்பதுதான் மந்தமானது. கார்புரேட்டர் காலத்து வண்டியில்தான் சிறிது வேறுபாடு தெரிந்தது. புது ஃபில்டரே பெட்ரோலை மிச்சம் பிடிக்காதபோது, அதன்மேல் ஒட்டிய பஞ்சு எதைப் பிடிக்கப்போகிறது?

ஒரு விலக்கு உண்டு. வண்டி தயாரித்தவரே பஞ்சோடு கொடுத்திருந்தால் அதே எண்ணுள்ள ஃபில்டரையே வாங்குவது சரி. சிலவற்றில் அந்த அடுக்கு, என்ஜின் நின்றபின் வெளியேறும் பெட்ரோல் ஆவியைப் பிடிப்பதற்காக இருக்கலாம். அதைக் கடையில் நின்று முடிவு செய்ய முடியாது. மற்றபடி, கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்பதை அல்ல, சுற்றியுள்ள ரப்பர் விளிம்பைத்தான். அது வண்டியிலுள்ள ஃபில்டர் பெட்டியின் பள்ளத்தில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றாலும் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் நுழையும். காகிதமும் பஞ்சும் பார்த்துக்கொண்டிருக்கும்.