படகுத்துறையும் கரையோர வீடுகளும்

மும்பைக் கடற்கரையில் 'இந்தியாவின் நுழைவாயில்' எனப்படும் நினைவு வளைவு 1924ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. எலிபெண்டா தீவுக்கும் மாண்ட்வாவுக்கும் செல்வோர் அதன் அருகிலுள்ள துறைகளில் படகு ஏறுகின்றனர். அங்கு நெரிசல் மிகுதி; முதியோர் ஏறி இறங்க இடர்ப்படுகின்றனர். ஆகவே, சற்றுத் தள்ளிக் கொலாபாவில் புதிய படகுத்துறையும் பயணியர் முனையமும் அமைக்க மகாராஷ்டிரக் கடல்சார் வாரியம் திட்டமிட்டது.

கடலை நோக்கிய வீடுகளில் வாழ்வோர் இதனை எதிர்த்தனர். சாலையில் ஊர்திகள் பெருகும், பழமைச் சிறப்பு மிக்க கடற்கரையின் தோற்றம் சிதையும், அமைதி கெடும் என அவர்கள் அஞ்சினர்.

கடற்கரையில் எவரும் விரும்பியவாறு கட்டடம் எழுப்ப இயலாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி ஒப்புதல் பெறுதல் வேண்டும். மரபுப் பாதுகாப்புக் குழு, போக்குவரத்துக் காவல்துறை ஆகியவற்றின் இசைவும் தேவை.

வழக்கு மும்பை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. 2025 ஜூலையில் நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. ஆயினும் கட்டுப்பாடுகளை விதித்தது. படிவரிசை அரங்கு, பயணியர் காத்திருக்கும் இடமாக மட்டுமே பயன்படல் வேண்டும். சிற்றுண்டிக் கடையில் குடிநீரும் பொட்டல உணவும் மட்டுமே விற்கப்படல் வேண்டும். பழைய துறைகள் படிப்படியாகக் கைவிடப்படல் வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றமும் இதில் தலையிட மறுத்தது.

கட்டலாமா என்பதுடன், கட்டியதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதும் வரையறுக்கப்படல் வேண்டும். பயணியர் அச்சமின்றிப் படகேறவும், கரையில் வாழ்வோர் இரவில் அமைதியாக உறங்கவும் அவ்வரையறையே வழி.

சிந்தித்து விடையளிக்க:
1. குடியிருப்போரின் அச்சங்கள் யாவை?
2. நீதிமன்றம் விதித்த ஒவ்வொரு கட்டுப்பாடும் யாருக்கு, எவ்வாறு பயன்படும்?