ஒரு வாரம், ஒரு படகு, ஒரு தீவு: மெனோர்க்காவைச் சுற்றி வருவோமா?

மத்தியதரைக் கடலில் விடுமுறை என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய சொகுசுக் கப்பல்தான். ஆயிரக்கணக்கான பயணிகள், மூன்று வேளையும் பஃபே, நாளுக்கொரு துறைமுகம். அதே கடலில் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, ஒரே தீவை ஒரு வாரம் சுற்றி வருகிற பயணமும் உண்டு. அதற்கு ஏற்ற தீவுகளில் ஒன்று ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா.

பார்சலோனாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பரப்பளவு ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றே சிறியது. ஆனால் அங்கே வசிப்பவர்கள் ஒரு லட்சம் பேர்தான். 1993இல் யுனெஸ்கோ இத்தீவை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதனால் கரையோரம் இன்னும் பல இடங்களில் பைன் மரங்களும் பாறைகளுமாகவே இருக்கிறது.

படகில் முழுச் சுற்று சுமார் 75 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் போனாலும் மொத்தம் 15 மணி நேரம்தான் ஆகும். பிறகு ஏன் ஏழு நாள்? காற்றுக்காகத்தான்.

வாடை ஆளும் கரை

வடக்கிலிருந்து வீசும் காற்றை நாம் வாடை என்கிறோம். மெனோர்க்கா மக்கள் அதைத் திராமுந்தானா என்கிறார்கள். மலைகளுக்கு அப்பாலிருந்து வருவது என்று பொருள். பிரான்சின் தென்பகுதி மலைகளுக்கு இடையே நெருக்கியடித்துப் புகுந்து, திறந்த கடலைக் கடந்து, வழியில் எந்தத் தடையும் இல்லாமல் நேராக இந்தத் தீவில் வந்து மோதுகிறது. வடகரையில் காட்டு ஒலிவ மரங்கள் எல்லாம் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருப்பதைப் பார்த்தாலே அதன் பலம் புரியும்.

தீவின் வடபாதியை அந்தக் காற்றின் பெயராலேயே அழைக்கிறார்கள். தென்பாதிக்கு மிக்ஜோர்ன், அதாவது தெற்கு என்று பெயர். வடக்கே கருமையும் செம்மையும் கலந்த பழம்பாறைகள். தெற்கே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், அவற்றுக்கிடையே சிறு குடாக்கள்.

படகோட்டிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வடக்கிலிருந்து காற்று வீசினால் தென்கரை அமைதியாக இருக்கும். தெற்கிலிருந்து வீசினால் வடகரையில் ஒதுங்கலாம். ஆனால் முழுச் சுற்று முடிக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு நாள் வடகரையைத் தாண்டியே ஆக வேண்டும். அந்த நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்தப் பயணத்தின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது.

முதல் மூன்று நாள்: மாவோனும் தென்கரையும்

வாடகைப் படகுகள் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி மறு சனிக்கிழமை வரை கிடைக்கும். தலைநகர் மாவோனிலிருந்து புறப்படலாம். இதன் துறைமுகம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் உள்வாங்கி நீளும் இயற்கைத் துறைமுகம். இதற்காகவே பிரிட்டிஷார் 1708இல் தீவைப் பிடித்தார்கள். இடையிடையே பிரெஞ்சுக்காரர்களிடமும் ஸ்பானியர்களிடமும் இழந்து, 1802இல் ஒரேயடியாக விட்டுச் சென்றார்கள். மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஆங்கிலப் பாணிச் சன்னல்கள் இன்றும் மாவோன் வீடுகளில் இருக்கின்றன.

துறைமுக வாயிலருகே உயர்ந்த மதில்களோடு தெரிவது பழைய நோய்த்தடுப்பு முகாம். 1817இல் இயங்கத் தொடங்கியது. தொற்று நோய் சந்தேகம் உள்ள கப்பல்களின் பயணிகளை ஊருக்குள் விடாமல் இங்கே தங்க வைத்தார்கள். பினாங்கின் ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நம் முன்னோர்கள் கப்பலிலிருந்து இறங்கிக் காத்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மதிலைச் சும்மா கடந்துவிட முடியாது.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் தென்கரை. கலெஸ் கோவெஸ் குடாவில் செங்குத்தான பாறைச் சுவர் முழுக்கக் குகைகள். வரலாற்றுக்கு முந்திய மக்கள் இறந்தவர்களை அடக்கம் செய்த இடங்கள் அவை. அவர்கள் எழுப்பிய கற்கோபுரங்களும் கல்லறைகளும் தீவெங்கும் உள்ளன; 2023இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. மேற்கே போகப் போக மகரேல்லா, துர்கேத்தா போன்ற குடாக்கள் வரும். வெள்ளை மணல், பச்சை கலந்த நீல நீர். பிள்ளைகள் நீந்துவதற்கு அருமையான இடங்கள்.

இங்கே நங்கூரம் போடும்போது கவனம் தேவை. தண்ணீருக்கடியில் கருமையாகத் தெரிவது போசிடோனியா என்ற கடற்புல். பாசி அல்ல, வேரும் பூவும் உள்ள தாவரம். கடல் இவ்வளவு தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே படரும். ஒரு நங்கூரம் நொடியில் பிடுங்குவதை மீட்கப் பல்லாண்டு ஆகும். அதனால் 2018 முதல் இதன்மேல் நங்கூரமிடச் சட்டப்படி தடை. வெளிர் நிறமாகத் தெரியும் மணல் திட்டில்தான் போட வேண்டும்.

நடு வாரம்: சியூதடெல்லா

தீவின் மேற்கு முனையில் உள்ள பழைய தலைநகர் சியூதடெல்லா. 1558இல் துருக்கியக் கடற்படை இந்நகரைச் சூறையாடி, ஆயிரக்கணக்கானோரைக் கைதிகளாகக் கொண்டு சென்றது. அதன் நினைவுத் தூண் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது.

இங்குள்ள துறைமுகம் ஒரு கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டருக்கும் குறைவான அகலம். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. கிள்ளான் துறைமுகத்தில் நாம் பார்ப்பதுபோல் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறி இறங்குவதில்லை. ஆனால் ரிஸாகா என்ற ஒன்று வரும். வானில் காற்றழுத்தம் அலையலையாக மாறி, அந்த அலையும் கடலலையும் ஒரே வேகத்தில் நகர்ந்தால், ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளுவதுபோல் கடலலை பெருகும். குறுகிய துறைமுகத்துக்குள் அது மேலும் உயரும். 2006 ஜூன் 15 அன்று சில நிமிடங்களில் நீர்மட்டம் சுமார் நான்கு மீட்டர் இறங்கித் திரும்ப ஏறியது. நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் மூழ்கின அல்லது நொறுங்கின. ஸ்பெயின் வானிலை நிலையம் இதற்கென்றே முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அது வந்தால் துறைமுகத்துக்குள் நுழையாதிருப்பதே நல்லது.

வியாழன்: வடகரை

சியூதடெல்லாவிலிருந்து ஃபோர்னெல்ஸ் வரை ஒதுங்க இடம் குறைவு. 1910 பிப்ரவரியில் மார்செய்யிலிருந்து அல்ஜியர்ஸ் சென்ற ஜெனரல் சான்சி என்ற பயணக் கப்பல் புயலில் இந்தக் கரையில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்தவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல். பிழைத்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகே அங்கே புன்தா நாத்தி கலங்கரை விளக்கம் எழுந்தது.

அமைதியான நாளில் இதே கரை தீவின் மிக அழகான பகுதி. வடகோடியான கவல்லேரியா முனையைச் சுற்றினால் ஃபோர்னெல்ஸ் குடா கைநீட்டி வரவேற்கும். சிங்கி இறால் குழம்புக்குப் பெயர்போன மீனவக் கிராமம் இது. விலை கூடுதல்தான், ஒன்றை வாங்கிப் பகிர்ந்து கொள்ளலாம். வெள்ளிக்கிழமை கொலோம் தீவருகே மதிய உணவு முடித்து, மாலைக்குள் மாவோன் திரும்பலாம்.

புறப்படும் முன்

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆயினும் நுழைவு விதிகளைப் பயணத்துக்கு முன் சரிபார்த்துக் கொள்ளுங்கள். படகோட்டும் உரிமம் இல்லாதவர்கள் கேப்டனோடு சேர்த்தே படகை எடுக்க வேண்டும். அவருக்கு ஒரு படுக்கையும் சாப்பாடும் நம் பொறுப்பு. எரிபொருள், துறைமுகக் கட்டணம், முன்பணம் ஆகியவை வாடகையில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் அதிகம். ஜூன், செப்டம்பர் பரவாயில்லை. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

படகில் அடுப்பு உண்டு; அரிசி, பருப்பு, ஊறுகாய் கொண்டு போனால் செலவு குறையும். சைவர்கள் கவனிக்க: பேக்கரிகளில் சுருள் வடிவில் விற்கும் என்சைமாதா என்ற இனிப்பு ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விஷயத்தைக் கிளம்பும் முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். பணம் கட்டியாயிற்று, வெள்ளிக்கிழமைக்குள் சுற்றை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம்தான் வடகரையில் ஆபத்து. வாடை அடங்கவில்லை என்று கேப்டன் சொன்னால், வந்த வழியே தென்கரையில் திரும்பிவிடலாம். ஃபோர்னெல்ஸ் எங்கும் போய்விடாது. மாவோனிலிருந்து பேருந்து இருக்கிறது.