லில்லிக்கு வேண்டும் ஒரு பனிக்காலம்

பெருக்குவது எளிது, எழுப்புவதுதான் கடினம். ஹார்மோன்களின் கணக்கில் சிக்கியிருக்கிறது விவசாயியின் செலவு

பெங்களூர் கல்யாண மண்டபங்களின் மேடையில் சிரிக்கும் லில்லி, நகரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களிலோ நீலகிரியிலோ பூத்ததாக இருக்கலாம். ஆனால் அதன் கிழங்கு பெரும்பாலும் ஹாலந்திலிருந்து வந்தது. நிலச்சம்பங்கி பயிரிடுபவர் தன் வயலிலேயே கிழங்கைத் தோண்டி மறுபடி நட்டுவிடுகிறார். லில்லிக்காரரோ அன்னிய நாட்டுக் கிழங்குக்குப் பணம் கட்டுகிறார். ஏன்?

தன்னைப் பெருக்கிக்கொள்வதில் லில்லி சோம்பேறி அல்ல. பூண்டு பற்களாக உதிர்வதுபோல அதன் கிழங்கு செதில்களாகப் பிரியும். ஒரு செதிலைப் பிய்த்து ஈரமான தென்னை நார்க் கழிவில் வைத்தால், சில வாரங்களில் அதன் அடியில் குட்டிக் கிழங்குகள் தோன்றும். விதையும் வேண்டாம், மகரந்தமும் வேண்டாம். எல்லாம் தாயின் அச்சு அசல்.

இதை நடத்துவது ஆக்ஸின் என்ற ஹார்மோன். செதிலின் நுனியிலிருந்து அடி நோக்கிப் பயணம் செய்யும் அது, பிய்த்த இடத்தில் தேங்குகிறது. காயமும் ஆக்ஸினும் சேரும்போது முதிர்ந்த செல்கள் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. அதன் கூட்டாளி சைட்டோகைனின். 1957ல் அமெரிக்காவில் ஃபோல்கே ஸ்கூக், கார்லோஸ் மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் கண்ட கணக்கு இதுதான்: ஆக்ஸின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர். திசு வளர்ப்புக் கூடங்கள் ஒரே கிழங்கிலிருந்து ஆயிரக்கணக்கான குட்டிகளை எடுப்பது இந்த விகிதத்தை வைத்துத்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு. 20, 25 டிகிரி வெப்பத்தில் வளரும் குட்டியில் அப்ஸிஸிக் அமிலம் என்ற ஹார்மோன் சேர்கிறது. கிட்டத்தட்ட தூக்க மாத்திரைதான். கிழக்கு ஆசியாவின் கடும் பனிக்காலத்தைத் தாங்க லில்லி கற்றுக்கொண்ட தற்காப்பு அது. சுமார் 5 டிகிரி குளிரில் பல வாரங்கள் கிடந்தால்தான் தூக்கம் கலையும். இந்த அமிலம் உருவாகாமல் தடுக்கும் ஃப்ளூரிடான் என்ற ரசாயனத்தை ஆய்வுக்கூடத்தில் சேர்த்தபோது தூங்காத குட்டிகள் கிடைத்தன. ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனும் ஓரளவு எழுப்பிவிடும்.

பெங்களூரின் மார்கழிக் குளிர் லில்லிக்குப் போதாது. ஆகவே குளிர்பதனக் கிடங்கு, மின்சாரக் கட்டணம். விழித்த குட்டியும் பூக்கும் அளவுக்குப் பருக்க இரண்டு மூன்று பருவங்கள் ஆகும். அதுவரை இதமான கோடையும் வேண்டும். ஹாலந்து விற்பது கிழங்கை மட்டுமல்ல, தன் தட்பவெப்பத்தையும்தான்.

எல்லா லில்லியும் இப்படிக் கும்பகர்ணன் அல்ல. ஜப்பானின் தென்கோடியில், வெதுவெதுப்பான ரியூக்யூ தீவுகளில் பிறந்த வெள்ளை லில்லிக்குத் தூக்கம் லேசானது. நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் கூட ஒரு லில்லி தானாகவே வளர்கிறது. குட்டிகளைப் பெருக்கும் வித்தை கைவந்தாயிற்று. இனி வேண்டியது, நம் தட்பவெப்பத்தில் தானே விழிக்கும் ரகம். அது கிடைத்தால்தான் லில்லிக்காரரும் சம்பங்கிக்காரரைப் போலத் தன் வயலிலிருந்தே கிழங்கு எடுக்க முடியும்.