கப்பல் ஏறும் நீர்ப்படிகள்

வட அமெரிக்காவின் வரைபடத்தைப் பார்த்தால், கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் சந்திக்கும் எல்லையை ஒட்டி ஐந்து பெரிய ஏரிகள் இருப்பதைக் காணலாம். இவற்றுள் ஈரி ஏரியின் நீர் நயாகரா ஆறாக வழிந்தோடி ஒன்டேரியோ ஏரியை அடைகிறது. ஈரியின் நீர்மட்டம் ஒன்டேரியோவின் நீர்மட்டத்தைவிட ஏறத்தாழ 99 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த இறக்கத்தில் பாதிக்கு மேற்பட்டதை ஆறு ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. அதுவே உலகப் புகழ் பெற்ற நயாகரா நீர்வீழ்ச்சி.

ஆற்று நீர் தாவிவிடலாம். கப்பல் தாவ முடியுமா? இருப்பினும் கோதுமையும் இரும்புத் தாதுவும் ஏற்றிய 225 மீட்டர் நீளக் கப்பல்கள் இந்த இரண்டு ஏரிகளுக்கும் இடையே போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை செல்லும் வழி, நீர்வீழ்ச்சியைச் சுற்றிக்கொண்டு போகும் வெல்லண்ட் கால்வாய். 43 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாயில் கப்பல்கள் படியேறுவதுபோல் ஏறுகின்றன, படியிறங்குவதுபோல் இறங்குகின்றன. ஒவ்வொரு படியையும் ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பார்கள். நாம் அதை ‘நீர்ப்பூட்டு’ என்று அழைக்கலாம்.

நீர்ப்பூட்டு புதிய கண்டுபிடிப்பு அன்று. சீனாவில் கி.பி. 984ஆம் ஆண்டிலேயே பெருங்கால்வாயில் இருபுறமும் கதவுகள் கொண்ட பூட்டு ஒன்று அமைக்கப்பட்டது. வெல்லண்டில் முதல் கால்வாய் 1829இல் திறக்கப்பட்டது. அதில் மரத்தாலான 40 சிறு பூட்டுகள் இருந்தன. இன்று நாம் காணும் நான்காவது கால்வாய் 1932இல் திறக்கப்பட்டது. இதில் எட்டே பூட்டுகள். முதல் ஏழும் ஒவ்வொன்றும் கப்பலை ஏறத்தாழ 14.2 மீட்டர் உயர்த்துகின்றன. இது ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். எட்டாவது பூட்டு ஈரி ஏரியின் மட்டத்துக்கு ஏற்பச் சிறு திருத்தம் செய்வதற்கு மட்டுமே.

பூட்டு வேலை செய்யும் முறை

நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட நீண்ட காங்கிரீட்டுத் தொட்டி. மேலே போக வேண்டிய கப்பல் வரும்போது தொட்டியின் நீர்மட்டம் கீழ்க் கால்வாயின் மட்டத்தில் இருக்கும். கீழ்க்கதவு திறக்கும், கப்பல் உள்ளே வரும், கதவு மூடப்படும். பிறகு மேற்பக்கத்து நீரைக் கொண்டுவரும் குழாய்வழிகளின் அடைப்பிதழ்களைத் திறப்பார்கள். நீர் தானாகவே தொட்டிக்குள் பாயும். உள்ளே மட்டம் உயர உயரக் கப்பலும் உயரும். மேல்மட்டத்தை எட்டியதும் மேற்கதவு திறக்க, கப்பல் வெளியேறும். இறங்கும் கப்பலுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

தொட்டியை நிரப்பப் பம்புகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புவியீர்ப்பு மட்டுமே வேலை செய்கிறது. ஒரு பூட்டு நிரம்ப ஏறத்தாழ 10 நிமிடம் ஆகிறது. அடைப்பிதழ்களை ஒரேயடியாகத் திறந்தால் நீர் கொந்தளித்துக் கப்பலைச் சுவரில் மோதிவிடும். ஆகவே சிறிது சிறிதாகவே திறப்பார்கள்.

கதவைக் காப்பதும் நீரே

கதவுகளின் மீது எவ்வளவு விசை செயல்படும்? பூட்டு நிரம்பியிருக்கும்போது கீழ்க்கதவின் உட்புறம் நீரின் ஆழம் ஏறத்தாழ 23.3 மீட்டர், வெளிப்புறம் 9.1 மீட்டர். கதவின் அகலம் 24.4 மீட்டர். ஆழத்துக்கு ஏற்ப அழுத்தம் அதிகரிப்பதைக் கணக்கில் கொண்டால், கதவின் மீது செயல்படும் நிகர விசை ஏறத்தாழ 5,600 டன் எடைக்குச் சமம் என்று காணலாம்.

இந்த விசையை எதிர்த்துக் கதவை மூடி வைப்பதற்குப் பெரிய தாழ்ப்பாள் எதுவும் இல்லை. கதவு இரண்டு பாகங்களாக உள்ளது. மூடும்போது இரண்டும் நேர்கோட்டில் நிற்காமல், உயர்மட்ட நீரை நோக்கி முனை நீட்டிய ஆப்பு வடிவில் சந்திக்கின்றன. நீர் தள்ளத் தள்ள இரு பாகங்களும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இத்தகைய கதவின் படத்தைக் காணலாம்.

இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. இருபுற மட்டமும் சமமாகும் வரை கதவைத் திறக்க முடியாது. 9.1 மீட்டர் ஆழத்தில் இருபுறமும் நீர் நிற்கும்போது மட்ட வேறுபாடு வெறும் 10 சென்டிமீட்டராக இருந்தால்கூட, கதவின் மீது 22 டன் விசை இருக்கும்.

ஆனால் நீரின் அழுத்தம் கதவோடு நின்றுவிடுவதில்லை. சுவர்களும் நாள்தோறும் பலமுறை அதைத் தாங்கியாக வேண்டும். 1985 அக்டோபர் 14 அன்று ஏழாம் பூட்டில் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ‘ஃபூரியா’ என்னும் கப்பல் உள்ளே சிக்கிக்கொண்டது. மூன்று வாரங்களுக்கும் மேலாகக் கால்வாய் மூடப்பட்டது. இரு புறமும் கப்பல்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. ஏழாம் பூட்டுக்கு இணைப்பூட்டு கிடையாது. ஒரு படி உடைந்தால் மாடிப்படி முழுவதுமே பயனற்றுப் போகிறது.

ஒரு சாண் இடைவெளி

பூட்டின் அகலம் 24.4 மீட்டர். அனுமதிக்கப்படும் கப்பலின் அகலம் 23.8 மீட்டர். அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் மிஞ்சுவது 30 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அடியிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளிதான்.

கப்பல் உள்ளே நுழைவது ஊசிபோடும் குழலுக்குள் தண்டைத் தள்ளுவது போன்றது. பூட்டு வாயிலில் நீரின் குறுக்குப் பரப்பு 24.4 x 9.1, அதாவது 222 சதுர மீட்டர். நீருக்குள் அமிழ்ந்திருக்கும் கப்பலின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 192 சதுர மீட்டர். மீதமுள்ள 30 சதுர மீட்டர் சந்து வழியாகத்தான், கப்பல் தள்ளும் நீர் முழுவதும் பின்னோக்கி வெளியேற வேண்டும். ஆகவே கப்பல் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நுழைந்தால், சந்தில் நீர் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய வேண்டியிருக்கும். பெர்னூலி தத்துவப்படி, நீர் வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். அதனால் கப்பலைச் சுற்றி நீர்மட்டம் தாழ்ந்து, கப்பலும் தரையை நோக்கித் தாழும். மாலுமிகள் நத்தை வேகத்தில் கப்பலைச் செலுத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

தூக்கியது யார்?

சரக்குடன் சேர்த்து ஒரு கப்பலின் மொத்த எடை 38,000 டன் என்று கொள்வோம். அதை 14.2 மீட்டர் உயர்த்துவதற்குச் செய்ய வேண்டிய வேலையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,470 யூனிட் மின்சாரத்துக்குச் சமமாக வருகிறது. இந்த ஆற்றலைக் கொடுத்தது யார்? கப்பலின் எஞ்சின் அன்று; பம்பும் அன்று. இதைப் புரிந்துகொள்ள மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்.

சரக்கு நிறைந்த கப்பலை உயர்த்த அதிக நீர் வேண்டுமா? வெறுங்கப்பலை உயர்த்த அதிக நீர் வேண்டுமா?

“கனமான கப்பலுக்குத்தான் அதிக நீர் வேண்டும்” என்று சிலர் சொல்வார்கள். “கப்பல் இடத்தை அடைத்துக்கொள்வதால் குறைவான நீர் போதும்” என்று சிலர் வாதிடுவார்கள். பூட்டை நிரப்புவதை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டுமே தவறு. மிதக்கும் கப்பல் நீரோடு சேர்ந்தே உயர்கிறது. ஆகவே சேர்க்க வேண்டிய நீரின் பருமன், பூட்டின் பரப்பை உயர்வால் பெருக்கி வருவது மட்டுமே. கதவுக்குக் கதவு 262 மீட்டர், அகலம் 24.4 மீட்டர், உயர்வு 14.2 மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 9.1 கோடி லிட்டர். பெரிய கப்பலானாலும் சிறு படகானாலும் இதே அளவுதான்.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. கப்பல் கீழிருந்து பூட்டுக்குள் நுழைந்தபோது, ஆர்க்கிமிடீஸ் விதிப்படி தன் எடைக்குச் சமமான 38,000 டன் நீரை, அதாவது 3.8 கோடி லிட்டரை, வெளியே கீழ்க் கால்வாயில் தள்ளிவிட்டே நுழைந்தது. மேலே வெளியேறும்போது அது விட்டுச் சென்ற இடத்தை மேல்மட்டத்து நீர் 3.8 கோடி லிட்டர் வந்து நிரப்புகிறது. ஆக, ஏறும் கப்பலுக்கு மேல்மட்டம் கொடுக்கும் நீர் 9.1 + 3.8 = 12.9 கோடி லிட்டர். இறங்கும் கப்பலோ, நுழையும்போதே 3.8 கோடி லிட்டரை மேல்மட்டத்துக்குத் திருப்பித் தள்ளிவிடுகிறது. எனவே அதற்குச் செலவு 9.1 - 3.8 = 5.3 கோடி லிட்டர் மட்டுமே.

தூக்கியது யார் என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. தராசின் ஒரு தட்டில் கப்பல். மறு தட்டில் அதே எடையுள்ள நீர். கப்பல் மேலே போக, அதற்குச் சமமான நீர் கீழே இறங்குகிறது. கப்பல் இறங்கும்போது அந்த நீர் மேலேயே தங்கிவிடுகிறது. இது நேர்மையான பண்டமாற்று. மீதமுள்ள 9.1 கோடி லிட்டர்தான் நாம் உண்மையில் கொடுக்கும் கூலி. அதன் ஆற்றல் நீர்ச்சுழிகளாகிச் சிதறி வீணாகிறது.

கூலி கொடுக்க நீர் இல்லையென்றால்?

வெல்லண்டில் இந்தக் கூலி ஒரு பொருட்டன்று. கொடுப்பது கடல்போல் பரந்த ஈரி ஏரி. ஆனால் இதே தத்துவத்தில் இயங்கும் பனாமா கால்வாயின் நிலை வேறு.

1914 ஆகஸ்டு 15இல் திறக்கப்பட்ட அக்கால்வாயில், கப்பல்கள் கடல்மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்திலுள்ள கட்டூன் ஏரிக்கு ஏறி, மறுபுறம் கடலுக்கு இறங்குகின்றன. ஒரே கப்பல் ஏறவும் இறங்கவும் செய்வதால் பண்டமாற்றுக் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் இருபுறமும் கூலி உண்டு. பழைய பூட்டுகளில் ஒரு பெரிய கப்பல் கடந்து செல்ல ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது. கட்டூன் ஏரி மனிதர் அணை கட்டி உண்டாக்கியது, மழையை நம்பியிருப்பது. பனாமா நகரமும் கோலோன் நகரமும் குடிநீருக்கு இக்கால்வாயின் ஏரிகளையே நம்பியுள்ளன.

2023இல் மழை பொய்த்தது. வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல்கள் கடக்கும் கால்வாயில், அவ்வாண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் 22 கப்பல்களுக்கே அனுமதி அளிக்கப்பட்டது. வரிசையில் முந்திச் செல்ல ஒரு கப்பலுக்காக ஏலத்தில் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. கப்பலுக்கு நீரா, குடிப்பதற்கு நீரா என்ற கேள்வி அங்கே வெறும் ஏட்டுக் கணக்கன்று. புதிதாக இன்டியோ ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை, தங்கள் நிலம் மூழ்கிவிடும் என்று அங்குள்ள உழவர்கள் எதிர்க்கிறார்கள்.

நீரைச் சேமிக்கும் தொட்டிகள்

கூலியைக் குறைக்க வழி உண்டா? உண்டு. 2016இல் திறக்கப்பட்ட பனாமாவின் புதிய பூட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், படிப்படியாக மூன்று தொட்டிகள் கட்டப்பட்டுள்ளன. அவை நீரில் 60 விழுக்காட்டைச் சேமிக்கின்றன. அது எப்படி 60?

பூட்டிலுள்ள வெளியேற்ற வேண்டிய நீரை ஐந்து சம அடுக்குகளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலிருந்து முதல் அடுக்கை, ஓர் அடுக்கு தாழ்வாக உள்ள முதல் தொட்டிக்குள் பாயவிடுகிறார்கள். இரண்டாவது அடுக்கு இரண்டாம் தொட்டிக்கும், மூன்றாவது மூன்றாம் தொட்டிக்கும் செல்கின்றன. கடைசி இரண்டு அடுக்குகளை மட்டும் கீழே விட்டுவிடுகிறார்கள். மீண்டும் நிரப்பும்போது மூன்றாம் தொட்டி நீர் அடியிலும், இரண்டாம் தொட்டி நீர் அதன்மேலும், முதல் தொட்டி நீர் அதற்கும் மேலும் தானாகவே பாய்ந்து சேர்கின்றன. மேலிருந்து புதிதாக எடுக்க வேண்டியது இரண்டு அடுக்குகளே. ஐந்தில் மூன்று மிச்சம். அதுவே 60 விழுக்காடு. இங்கும் பம்பு இல்லை.

இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கடலிலிருந்து பூட்டுக்குள் வரும் உப்பு நீரும் தொட்டிகளில் தங்கி, படிப்படியாக ஏரியை நோக்கி ஏறுகிறது. நீரைச் சேமிக்கப் போய்க் குடிநீர் உப்பாகிவிடக் கூடாதல்லவா?

ஒரு தொட்டி மட்டும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். இரண்டு தொட்டிகள் இருந்தால் எவ்வளவு மிச்சம், பத்து இருந்தால் எவ்வளவு என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். எத்தனை தொட்டிகள் கட்டினாலும் முழு நீரையும் மீட்க முடியாது என்பதையும் அப்போது காண்பார்கள். உயரத்திலிருந்து தாழ்வுக்கு ஏதேனும் சிறிது நீர் இறங்கினால்தான் தொட்டி நிரம்பும், தொட்டி காலியாகும். கப்பல் ஏறும் ஒவ்வொரு படிக்கும் எங்கோ பெய்த மழை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.