அமெரிக்க இயலாமைக் காப்பீடு: காத்திருப்பின் கணக்கு

உடல்நலக் குறைவால் வேலையை இழந்த அமெரிக்கர் ஒருவருக்கு அரசின் இயலாமை உதவித்தொகை எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒரே எண்ணை விடையாகச் சொல்ல இயலாது; ஏனெனில் அந்தக் காத்திருப்பின் ஒரு பகுதி அலுவலகங்களில் கோப்புகள் தேங்குவதால் விளைவது, மற்றொரு பகுதி சட்டமே விதித்தது. பொதுவிவாதம் முதலாவதையே குறைகூறிக்கொண்டு இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

சம்பளத்தில் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரியைச் செலுத்தி வந்தவர்களுக்கான இந்தக் காப்பீடு, ஐசனோவர் அதிபராக இருந்த 1956இல் சட்டமானது. குறைந்தது 12 மாதம் நீடிக்கக்கூடிய அல்லது மரணத்தில் முடியக்கூடிய நோயோ குறைபாடோ இருந்து, அதனால் கணிசமான வருவாய் தரும் எந்த வேலையையும் செய்ய முடியாதவரே இதற்கு உரியவர். பாதி இயலாமைக்குப் பாதித் தொகை என்ற ஏற்பாடு இதில் கிடையாது. ‘கணிசமான வருவாய்’ என்பது 2025இல், பார்வையற்றோர் அல்லாதவர்களுக்கு, மாதம் 1,620 டாலர். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர் வயிற்றுப்பாட்டுக்காக அதற்கு மேல் சம்பாதித்தால், அந்தச் சம்பாத்தியமே அவருக்கு எதிரான சான்றாகிவிடும் என்பதால், முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் போதிய வருமானமற்ற மாதமாகவே கழிகிறது.

விண்ணப்பத்தைப் பெறுவது நடுவண் அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்றாலும், மருத்துவ ஆவணங்களைத் திரட்டி முதல் முடிவை எடுப்பவை அந்தந்த மாநிலத்தின் தீர்மான அலுவலகங்கள். 2019இல் சராசரியாக நான்கு மாதமாக இருந்த இந்தக் கட்டம், 2024இல் ஏழு மாதத்தைக் கடந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு விண்ணப்பங்கள் இங்கே மறுக்கப்படுகின்றன. மறுக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதிலும் தோற்றால் நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் செல்லலாம். அந்த விசாரணைக்கான காத்திருப்பு 2017இல் சராசரியாக 600 நாட்களை எட்டி, பின்னர் குறைந்தது.

விசாரணையில், விண்ணப்பதாரர் செய்யக்கூடிய வேறு வேலை நாட்டில் உண்டா என்று தொழில் வல்லுநர் ஒருவர் சாட்சியம் அளிக்கிறார். அதற்கு ஆதாரமாக விளங்கும் தொழில் அகராதி 1991க்குப் பிறகு திருத்தப்படவே இல்லை. கொட்டைகளைத் தரம் பிரிப்பவர் போன்ற, நடைமுறையில் மறைந்துவிட்ட வேலைகளைச் சுட்டிக்காட்டி மக்களைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நிர்வாகம் 2024இல்தான் கட்டுப்படுத்தியது. 2008 முதல் 2019 வரை ஏறத்தாழ 1,10,000 பேர் மேல்முறையீட்டின் இறுதி முடிவைக் காணாமலே இறந்தனர் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020இல் கணக்கிட்டது.

கடும் நோய்களுக்கு விரைவு வழி ஒன்று 2008 முதல் உண்டு. கணையப் புற்றுநோய் போன்றவை அந்தப் பட்டியலில் இருப்பதால், சில வாரங்களிலேயே ஒப்புதல் கிடைத்துவிடும். ஆனால் ஒப்புதல் வேறு, பணம் வேறு: இயலாமை தொடங்கியபின் ஐந்து முழு மாதங்கள் கழிந்தால்தான் தொகைக்கு உரிமை பிறக்கும் என்பது சட்டம், 1972க்கு முன் அது ஆறு மாதமாக இருந்தது. ஏ.எல்.எஸ். எனப்படும் நரம்புச் சிதைவு நோய்க்கு மட்டும் 2020இன் இறுதியில் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மரணத்தை நெருங்கும் பிற நோயாளிகளுக்கு ஏன் அந்த விலக்கு இல்லை என்பதற்கு மருத்துவ நியாயம் எதுவும் புலப்படவில்லை.

வழக்கறிஞர் கட்டணமும் இந்தத் தாமதத்தோடு பிணைந்தது. வென்றால் மட்டும், சேர்ந்திருக்கும் நிலுவைத் தொகையில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 9,200 டாலர் (2025 நிலவரப்படி) என்பது வழக்கமான ஒப்பந்தம். ஆகவே அந்த உச்சவரம்பை எட்டும்வரை, வழக்கு நீள நீளக் கட்டணமும் வளர்கிறது.

மெடிகேர் எனும் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கோ, உதவித்தொகைக்கு உரிமை பிறந்தபின் மேலும் 24 மாதம், அதாவது இயலாமை தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் 29 மாதம், காத்திருக்க வேண்டும், ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கும் சிறுநீரகம் செயலிழந்தோருக்கும் தனி விதிகள் உண்டு. முன்தேதியிட்டு வழங்கப்படும் மாதங்களும் இக்கணக்கில் சேர்வதால், மேல்முறையீட்டிலேயே மூன்று ஆண்டுகளைக் கழித்து வென்றவருக்கு இந்தக் காப்பீடு பெரும்பாலும் உடனே கிடைத்துவிட, விரைவு வழியில் ஒப்புதல் பெற்ற புற்றுநோயாளி அதற்கு இன்னும் இரண்டாண்டுக்கு மேல் உயிரோடிருக்க வேண்டியிருக்கிறது.